இரண்டு எஞ்சின், ஒரு ஜெட்டி

பூவாரில் எங்கள் படகில் ஏறுகிறவர்கள் பின்னால் இருக்கும் இரண்டு எஞ்சினையும் பார்த்ததும் எவ்வளவு ஸ்பீடு போகும் என்றுதான் கேட்பார்கள். திருவனந்தபுரத்துக்காரர் மலையாளத்தில் கேட்பார், மதுரைக்காரர் தமிழில் கேட்பார், கேள்வி ஒன்றுதான். இரண்டும் 40 எச்.பி. அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே பின்னால் மாட்டுகிற எஞ்சின். முறுக்கினால் போகும், ஏன் போகாது. ஆனால் கண்டல் மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் அந்தக் கால்வாயில் முறுக்குவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

இரண்டு எஞ்சின் இருப்பதன் சுகமே மெதுவாகப் போவதில்தான். நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக வந்து, படகின் நீளத்துக்குள்ளேயே திருப்பி, ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், தொங்கும் டயர் நசுங்காமல் கொண்டுபோய் அணைக்கலாம். ஒற்றை எஞ்சினில் இதைச் செய்ய நல்ல கை வேண்டும். இரண்டு இருந்தால் சுமாரான கைக்கும் வரும், பொறுமை மட்டும் இருந்தால் போதும். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இல்லாதது அதுதான். அதற்கு அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, காரணம் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டுப் பக்கம். நீரோடியைத் தாண்டினால் கேரளத்துப் பொழியூர், அதற்கு அடுத்து பூவார். 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே மாநிலம்தான், முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. ஏ.வி.எம். கால்வாய் என்று ஒன்று உண்டு. அனந்தபத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று சாமி, ராணி, ராஜா மூன்று பேர் பெயரையும் சேர்த்து வைத்து 1860 வாக்கில் வெட்டத் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்தில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் படகிலேயே போய்விடலாம் என்று திட்டம். முழுதாக முடியவே இல்லை, வெட்டிய இடங்களும் இன்றைக்குச் செடி மண்டிக் கிடக்கின்றன. அது ஒழுங்காக இருந்திருந்தால் நான் வீட்டில் இருந்து வேலைக்குப் படகிலேயே வந்திருப்பேன். இப்போது பைக்கில் வருகிறேன்.

சரி, பொறுமை விஷயத்துக்கு வருவோம். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று வரிசையாக இருக்கும் எங்கள் ஊர்களில் வள்ளம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஜெட்டி என்ற ஒன்றே பழக்கம் கிடையாது. வள்ளத்தை நேரே மணலில் ஏற்றுவார்கள். அலைகளை எண்ணிக்கொண்டு வெளியே காத்திருந்து, பெரிய அலைகள் ஓய்ந்ததும் ஒரு அலையின் முதுகைப் பிடித்து, எஞ்சினை முழுதாகத் திறந்து, மணல் தட்டப் போகும் நேரத்தில் எஞ்சினை அப்படியே தூக்கிவிடுவார்கள். அங்கே மெதுவாக வந்தால் ஆபத்து. பின்னால் வரும் அலை அமரத்தை, அதாவது பின்பக்கத்தை, தூக்கி, வள்ளத்தைக் குறுக்கே திருப்பி, கவிழ்த்துவிடும். ஆகவே கரையைக் கண்டால் வேகம் கூட்டு என்பது சின்ன வயதிலேயே கையில் ஏறிப்போன பாடம். அதே கை சுற்றுலாப் படகின் ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும்? ஜெட்டியைக் கண்டதும் லிவர் தன்னால் முன்னே போகும்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த மாமாவும் வள்ளக்காரர்தான். அவருக்கு மட்டும் எப்படியோ இரண்டு கையும் பழகியிருந்தது. நான் ஜெட்டிக்கு அவசரப்படும்போதெல்லாம் பின்னால் இருந்து ஒரே வார்த்தைதான் வரும்: "பைய வா மக்கா. ஜெட்டி எங்கயும் ஓடிப் போவாது."

வேகம் இரண்டு மடங்கானால் மோதும் வலு நான்கு மடங்காகும். எங்கள் படகு ஆட்களோடு சேர்த்து ஏறக்குறைய 2.5 டன் வரும். அது 2 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 4 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக, ஜெட்டியில் முட்டினால் 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றை இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்து போட்ட மாதிரி. அதையே 4 நாட்டில் முட்டினால் மூட்டை பத்து மீட்டர் உயரத்தில் இருந்து விழுகிறது. நடுவில் காலையோ கையையோ நீட்டித் தடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த மூட்டையை நினைத்துக்கொள்ளலாம். படகை ஒருநாளும் காலால் தடுக்கக் கூடாது. அதற்குத்தான் டயர் கட்டியிருக்கிறது.

இனி லிவர். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒன்றாக இரண்டு லிவர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முன்னே தள்ளினால் முன் கியர், நடுவில் நியூட்ரல், பின்னே இழுத்தால் ரிவர்ஸ். இடது எஞ்சினை முன்னேயும் வலது எஞ்சினை ரிவர்ஸிலும் போட்டால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், வலப்பக்கம் திரும்பும், மாற்றிப் போட்டால் இடப்பக்கம். இரண்டு எஞ்சின் வித்தையின் அடிப்படை இவ்வளவுதான், ஒரு மத்தியானத்தில் யாருக்கும் புரிந்துவிடும்.

இதோடு கூடவே யூடியூபில் ஒரு உபதேசம் வரும்: ஸ்டியரிங்கை நேராக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடு, லிவரை மட்டும் வைத்துத் திருப்பு. பெரிய படகுக்கு அது சரி. எஞ்சின் உள்ளே இருந்து, இரண்டு தண்டு கீழே இறங்கி, இரண்டு புரொப்பல்லருக்கும் நடுவே ஒரு ஆள் நீளம் இடைவெளி இருக்கும் படகில் ஒன்று தள்ள ஒன்று இழுக்க, படகு சொன்னபடி சுற்றும். எங்கள் மாதிரி சின்னப் படகில் இரண்டு அவுட்போர்டும் பின்பலகையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். நடுவே உள்ள தூரம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தூரம் குறைந்தால் திருப்பும் வலுவும் குறையும். லிவரை மட்டும் நம்பினால் காற்றில்லாத காலையில் திரும்பும். மத்தியானம் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது அரைவாசி திரும்பிவிட்டு, காற்று சொன்ன பக்கம் போய்விடும்.

அதனால் சின்ன அவுட்போர்டு படகில் ஸ்டியரிங்கும் வேண்டும், லிவரும் வேண்டும். அவுட்போர்டில் சுக்கான் என்று தனியாக ஒன்றும் இல்லை. எஞ்சினே திரும்புகிறது, புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர்தான் சுக்கான். ஆகவே நியூட்ரலில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. கியர் விழுந்தால்தான் திரும்பும். புதுப்பையன்கள் நியூட்ரலில் படகு மிதந்து போகும்போது ஸ்டியரிங்கைப் பேருந்து மாதிரி சுற்றிக்கொண்டிருப்பார்கள். பிறகு கியர் போடும்போது எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. முதலில் ஸ்டியரிங்கை வேண்டிய பக்கம் திருப்பி வைத்துவிட்டு அப்புறம் கியர் போட வேண்டும். இந்த வரிசை மாறினால் படகு முதலில் தப்பான பக்கம் ஒரு உதை வாங்கும்.

கியர் போடும்போது மட்டும் மெதுவு கூடாது. அவுட்போர்டின் கீழ்ப்பகுதியில் கியர் என்பது பல் பல்லாக இருக்கும் ஒரு வளையம் மற்றொன்றில் போய் விழுவது. கார் கிளட்ச் மாதிரி வழுக்கிச் சேராது, விழுந்தால் முழுதாக விழும். லிவரைப் பயந்து பயந்து நகர்த்தினால் பல்லும் பல்லும் உரசிக் கடகடவென்று சத்தம் வரும். நாள்பட்டால் முனை தேய்ந்து, ஒரு நாள் முக்கியமான நேரத்தில் கியர் நழுவும். ஐடிலில் வைத்து, ‘டக்’ என்று ஒரே தள்ளு. முன்னே இருந்து ரிவர்ஸுக்குப் போகும்போது நியூட்ரலில் ஒரு மூச்சு நின்றுவிட்டுப் போக வேண்டும். எங்களிடம் வேலை பழக வந்த பொழியூர்ப் பையன் ஒருவன், "அண்ணே, நீங்க எல்லாத்துக்கும் ‘பைய’ன்னு சொல்லுவீங்க, இதுக்கு மட்டும் டக்குன்னு சொல்றீங்களே" என்றான். ஆமாம், இதற்கு மட்டும்தான்.

ஜெட்டிக்கு வரும் கடைசி ஐம்பது மீட்டரில் பாதி நேரம் எங்கள் லிவர் நியூட்ரலில்தான் இருக்கும். ஐடிலில் முன் கியர் போட்டாலே இரண்டு எஞ்சினும் சேர்ந்து தேவைக்கு அதிகமாகத் தள்ளும். ஒரு தட்டுத் தட்டிவிட்டு நியூட்ரல். படகு போகட்டும். வேகம் செத்தால் இன்னொரு தட்டு. சில நேரம் ஒரு எஞ்சினை மட்டும் தட்டுவோம், அதில் தள்ளலும் பாதியாகும், லேசான திருப்பமும் கிடைக்கும். இரண்டு எஞ்சின் மெதுவுக்கு என்று சொன்னது இதைத்தான்.

ரிவர்ஸ் என்பது பிரேக் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புரொப்பல்லரின் இதழ் முன்னே தள்ளுவதற்காக வளைக்கப்பட்டது, பின்னே சுற்றும்போது அதன் பிடி வெகுவாகக் குறையும். அதனால் நின்ற இடத்தில் திருப்பும்போது இரண்டு லிவரையும் ஒரே அளவு வைத்தால் படகு சுற்றிக்கொண்டே முன்னேயும் நகரும். ரிவர்ஸில் இருக்கும் எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால்தான் நின்ற இடத்திலேயே சுற்றும். எவ்வளவு கூடுதல் என்பது படகுக்குப் படகு மாறும். ஜெட்டியில் பக்கத்துப் படகின் ஒரு கம்பியைக் குறியாக வைத்துக்கொண்டு, அது முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்று பார்த்தால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் படகின் ஒரு குணம் பெரும்பாலான சின்ன இரட்டை எஞ்சின் படகுக்கும் பொருந்தும். இரண்டு புரொப்பல்லரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறவை, பின்னால் இருந்து பார்த்தால் வலச்சுற்று. எதிரெதிராகச் சுற்றும் ஜோடி பெரிய எச்.பி. எஞ்சினுக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். வலச்சுற்றுப் புரொப்பல்லரை ரிவர்ஸில் போட்டால் பின்னே இழுப்பதோடு அமரத்தை இடப்பக்கமாகவும் கொஞ்சம் தள்ளும். இது குறை மாதிரித் தோன்றும், பயன்படுத்தத் தெரிந்தால் வரம். இடப்பக்கம் ஜெட்டி வரும்படி வந்தால் கடைசியில் நடப்பதைப் பாருங்கள். முப்பது டிகிரிக்குள் சாய்ந்து வருகிறோம். அணியம் ஜெட்டியை நெருங்கும்போது ஸ்டியரிங்கை முழுதாக இடப்பக்கம், அதாவது ஜெட்டிப் பக்கம், திருப்பிவிட்டு, வெளிப்பக்கத்து வலது எஞ்சினை மட்டும் ரிவர்ஸில் ஒரு தட்டு. எஞ்சின் இடப்பக்கம் பார்ப்பதால் அமரத்தை ஜெட்டிக்கு இழுக்கிறது. வெளிப்பக்கத்து எஞ்சின் பின்னே இழுப்பதால் அணியம் வெளியே விலகி அமரம் உள்ளே வருகிறது. போதாக்குறைக்குப் புரொப்பல்லரின் இடப்பக்கத் தள்ளலும் அதே பக்கம். மூன்றும் ஒன்றுசேர, முன்னோட்டம் நின்று, படகு ஜெட்டிக்கு இணையாகப் போய் உட்காரும். வலப்பக்கம் அணைத்தால் முதல் இரண்டும் கைகொடுக்கும், மூன்றாவது எதிர்த்து நிற்கும். தேர்ந்தெடுக்க வழியிருந்தால் நான் இடப்பக்கம்தான் அணைப்பேன்.

தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் காற்றும் ஆறும் விடாது. பூவாரில் காலையில் கரைக்காற்று, மத்தியானத்துக்கு மேல் கடலில் இருந்து கச்சான். எங்கள் மாதிரி மேல் கூரை போட்ட படகுக்குக் காற்றுதான் பெரிய பகை. காற்றின் வேகம் 10 நாட்டில் இருந்து 20 ஆனால் தள்ளல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. காலையில் சரியாக அணைத்தவன் மத்தியானம் அதே மாதிரி வந்தால் ஏமாறுவான். அணியம் இலேசாகவும் எஞ்சின் கனத்தில் அமரம் தாழ்ந்தும் இருப்பதால் காற்று முதலில் அணியத்தைத்தான் தூக்கிக்கொண்டு போகும். காற்று பலமாக இருக்கும் நாளில் சிலசமயம் ரிவர்ஸிலேயே ஜெட்டிக்கு வருவது உத்தமம். கனமான பக்கம் காற்றை எதிர்க்கும், இலேசான பக்கம் தானாகப் பின்தொடரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆற்று நீவாடு, அதாவது நீரோட்டம், வேறு கதை. அகத்தியமலையில் இருந்து வரும் நெய்யாறு பூவாரில் கடல் சேரும் இடத்தில் மணல்திட்டு. பொழி, அதாவது ஆற்றின் வாய், மணலால் மூடிக் கிடக்கும் மாதங்களில் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும், யாரும் அணைக்கலாம். மழையில் மேலே அணையின் ஷட்டரைத் திறந்து, கீழே பொழியும் முறிந்து திறந்துவிட்டால் அதே ஜெட்டி வேறு ஜெட்டியாகிவிடும். அன்றைக்கு ஒரே விதிதான்: நீவாட்டுக்கு எதிரே முகம் வைத்து வா. எதிர்த்து வந்தால் தண்ணீரைப் பொறுத்து படகு ஓடிக்கொண்டிருக்கும், ஜெட்டியைப் பொறுத்து நிற்கும். திருப்பும் சக்தி முழுதாகக் கையில் இருக்கும். நீவாட்டோடு சேர்ந்து வந்தால் ஜெட்டியில் நிற்கும் நேரத்தில் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. முதல் கயிறும் மேல்நீர்ப் பக்கத்துக் கயிறாகத்தான் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் நடுக்கயிறுதான் முதலில். நடுவில் ஒரு கயிறு விழுந்துவிட்டால் அணியமும் அமரமும் எங்கேயும் ஓடாது, மீதியை நிதானமாகக் கட்டலாம்.

கயிறு என்றதும் ஆட்கள் ஞாபகம் வருகிறது. ஜெட்டி பக்கத்தில் வந்தாலே எல்லாரும் எழுந்துவிடுவார்கள், அதுவும் ஜெட்டிப் பக்கமாகவே போய் நிற்பார்கள். ஒரு பக்கம் சாய்ந்த படகு ஸ்டியரிங்குக்கு ஒழுங்காகக் கட்டுப்படாது, அது சின்ன விஷயம். பெரிய விஷயம் தேக்கடி. 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. அது ஏரி நடுவில் நடந்தது, அளவும் வேறு. ஆனால் படகுக்குச் சாய்வு சாய்வுதான். கயிறு கட்டி, எஞ்சின் நியூட்ரலுக்கு வந்து, கயிறு பார்க்கும் படகு உதவியாளரான லஸ்கர் கை காட்டும் வரை உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் ஜெட்டிக்கே முகம் வைப்பேன். கேட்காதவர்களுக்காகப் படகை ஆற்று நடுவில் நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பதும் உண்டு. ஒரு நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அணைப்பதுதான் படகுத் தொழிலில் கஷ்டமான வேலை என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் கன்னியாகுமரிக்குப் போகலாம். பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுகள் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் ஆட்களை ஏற்றிப் போகின்றன. வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டது. அதில் இருந்து பல நாள், விவேகானந்தர் பாறை வரை போகும் படகு பக்கத்தில் இருக்கும் வள்ளுவர் பாறைக்குப் போகாது. நீர்மட்டம் தாழ்ந்தாலும் அலை கூடினாலும் அங்கே அணைய முடியாது, சுற்றிலும் பாறை. கடல் கடந்து வந்துவிட்ட படகுக்கு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாறையில் ஒட்டத்தான் முடியவில்லை. கடைசியில் இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் போட்டு, 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். இப்போது ஒரு பாறையில் இறங்கி மற்றதுக்கு நடந்து போகிறார்கள். அணைக்க முடியாத இடத்துக்குப் பாலம் போடுவது, என்னைக் கேட்டால், நல்ல கடலோடி எடுக்கும் முடிவுதான்.

இந்த மெதுவு எல்லாம் அலையில்லாத தண்ணீருக்கு. தேங்காப்பட்டணம் துறைமுக முகத்தில் வந்து பைய வா என்று நான் சொன்னால் மீனவர்கள் என்னைக் கடலில் தள்ளுவார்கள். குழித்துறைத் தாமிரபரணி கடல் சேரும் வாயில் கட்டிய துறைமுகம் அது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, ஆழம் குறைந்து, அலை திடீரென்று எழும்பி உடையும். அந்த வாயில் படகு கவிழ்ந்து இறந்தவர்கள் எங்கள் கரையில் நிறையப் பேர். தடுப்புச் சுவரை நீட்டச் சொல்லியும் மணலை அள்ளச் சொல்லியும் எத்தனையோ போராட்டம் நடந்துவிட்டது. அங்கே அலையின் முதுகில் இருந்து வழுக்கிவிடாமல், அதை முந்தியும் விடாமல் வர வேண்டும். அதற்கு எஞ்சினில் கையிருப்பு வேண்டும், கை லிவரை விட்டு நகரக் கூடாது. வாயைத் தாண்டி உள்ளே அமைதியான தண்ணீருக்கு வந்த பிறகு வேகத்தைக் குறைக்க மறந்து, அதே ஓட்டத்தில் ஜெட்டிக்கு வருகிறவர்கள்தான் டயரைப் பிய்க்கிறவர்கள்.

ஒன்று நின்றால் மற்றது இருக்கிறதே, பயமில்லை என்பது இரண்டு எஞ்சினைப் பற்றிய இன்னொரு நம்பிக்கை. பாதி உண்மை. இரண்டு எஞ்சினும் ஒரே டேங்கில் இருந்து குடித்தால், பெட்ரோலில் தண்ணீர் கலந்த நாளில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இருமி நிற்கும். தனித்தனி டேங்க், தனித்தனி ஃபில்டர் இருந்தால்தான் அது இரண்டு எஞ்சின். அதேமாதிரி ஆகாயத்தாமரை. எஞ்சின் குளிரத் தண்ணீர் உறிஞ்சும் வாயை அது அடைத்துவிடும், பின்னால் பீச்சியடிக்கும் தண்ணீர் மெலிந்து நூலாகும். நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எஞ்சினைப் பார்ப்பதில்லை, அந்த இரண்டு பீச்சலையும்தான் பார்ப்பேன். ஒன்று மெலிந்தால் உடனே நிறுத்தி, தூக்கி, செடியை எடுத்துவிட வேண்டும். பையைச் சுற்றிக்கொள்ளும் புரொப்பல்லருக்கும் இதே வைத்தியம். கால்வாயில் பிளாஸ்டிக் பை செடியைவிட அதிகம், அது யார் குற்றம் என்று எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

ஒரு எஞ்சின் நின்றே போனால் எந்தப் பக்கம் அணைப்பது என்பதை முன்கூட்டியே மனதில் வைத்திருக்க வேண்டும். நின்ற எஞ்சின் ஜெட்டிப் பக்கம், ஓடும் எஞ்சின் வெளிப்பக்கம். இடது நின்றுவிட்டதா, இடப்பக்கம் அணை. ஓடிக்கொண்டிருக்கும் வலது எஞ்சினை ரிவர்ஸில் தட்டினால் அது படகையும் நிறுத்தும், அமரத்தையும் ஜெட்டிக்குக் கொண்டுவரும். மாற்றி வந்தால் அதே ரிவர்ஸ் அமரத்தை வெளியே இழுக்கும், ஜெட்டியில் அணியம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். இதைப் பழக எஞ்சின் கெடும் வரை காத்திருக்க வேண்டாம். ஆட்கள் இல்லாத நேரத்தில் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு நாலைந்து முறை வந்து பார்க்கலாம். எங்களிடம் பழகும் பையன்களை அப்படித்தான் வரச் சொல்கிறேன். ஒற்றை எஞ்சினில் அணைக்கத் தெரிந்த பிறகு இரண்டும் கிடைத்தால் அவர்களுக்கு வேலை பாதியாகிவிடுகிறது.

ஜாய்ஸ்டிக் பற்றியும் கேட்பார்கள். 2005 வாக்கில் இருந்து வோல்வோ பென்ட்டா போன்றவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒரே குச்சியைச் சாய்த்த பக்கம் படகு பக்கவாட்டிலேயே நகரும். இரண்டு எஞ்சினும் தனித்தனியே திரும்பி, கணினி கணக்குப் போட்டுத் தள்ளும். நன்றாகத்தான் இருக்கும். எங்கள் 40 எச்.பி. ஜோடியோ ஒரே கம்பியால் பிணைத்தது, ஒன்று திரும்பினால் மற்றதும் அதே பக்கம் திரும்பும். படகின் விலையைவிடக் குச்சியின் விலை கூடுதலாக இருக்கும் என்பதால் அந்த ஆசை எங்கள் முதலாளிக்கு வரவில்லை.

ஜெட்டியை விட்டுக் கிளம்புவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கச்சான் பலமாக அடித்துப் படகை ஜெட்டியோடு ஒட்டி வைத்திருக்கும் மத்தியானத்தில் வருவதைவிடப் போவதுதான் சிரமம். ஆட்களைவிட்டுத் தள்ளச் சொன்னால் இரண்டடி விலகி மறுபடியும் வந்து ஒட்டும். அப்போது மற்றக் கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அணியத்தில் இருந்து பின்பக்கமாகப் போய் ஜெட்டியில் சுற்றி வரும் ஒரே ஒரு கயிற்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அணியத்துக்கும் ஜெட்டிக்கும் நடுவே நல்ல டயர் ஒன்று. ஸ்டியரிங் முழுதாக ஜெட்டிப் பக்கம். வெளிப்பக்கத்து எஞ்சின் ஐடிலில் முன்னே. கயிறு இறுகும், படகு முன்னே போக முடியாது, அணியம் டயரில் சாய்ந்துகொள்ள அமரம் காற்றை எதிர்த்து மெல்ல வெளியே வரும். நாற்பது, ஐம்பது டிகிரி வந்ததும் நியூட்ரல், ஸ்டியரிங் நேர், லஸ்கர் கயிற்றின் ஒரு நுனியை விட்டு மற்றதை இழுத்துக்கொள்வார். கயிறு முழுதும் உள்ளே வந்துவிட்டது என்று அவர் சத்தமாகச் சொன்ன பிறகுதான் இரண்டு லிவரும் ரிவர்ஸுக்குப் போகும். இந்தக் கால்வாயில் புரொப்பல்லரில் சுற்றுவது எல்லாம் மீன்வலையும் பையும் இல்லை, பாதி அவரவர் படகுக் கயிறுதான்.